இருப்பவர் பெயரை எடுப்பதில்லை

1

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபத்தைந்து நிமிடம். வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. காற்றையும் சேர்த்தால் மைனஸ் முப்பத்தெட்டு என்று கைபேசி சொன்னது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இந்த ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் வெயில் பளிச்சென்று அடிக்கும். பத்தொன்பது குளிர்காலம் பார்த்த பிறகும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெல்லிய சட்டையை எடுக்கிறேன். என் மனைவி அதைப் பிடுங்கி வைக்கிறாள்.

அந்த நேரத்தில் நான் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சிறிய அறையில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்திருந்த நூறு ஒலிப்பதிவுகளில் அறுபத்தொன்றை முடித்திருந்தேன். அறுபத்திரண்டாவதைத் தொடங்கினேன். முதலில் ஆய்வுக்குப் போன பெண்ணின் குரல், வாசலில் நின்று யாரையோ அழைத்தது. பிறகு ஓர் ஆண் குரல்.

"வாங்க, வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு குடிக்கறீங்களா?"

அது என் தம்பி.

2

முதலில் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டு புள்ளியியல் நடத்தினேன். அதற்கிடையில் ஒன்பது தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். பேத்தி பிறந்த சமயம், மகளுக்கு உதவியாக ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று மனைவியோடு கனடாவுக்கு வந்தேன். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாகிவிட்டது.

பேத்தி அனு இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் பகுதி நேரமாக வேலை பார்க்கும் ஆய்வுக் குழுவில்தான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். பரிந்துரை செய்த முறை இது: "தாத்தா, வீட்ல உக்காந்து யாரு எவ்ளோ நேரம் தண்ணி திறந்து வெச்சாங்கன்னு எண்ணிட்டே இருக்கீங்க. அங்க வந்து எண்ணுங்க. காசு தருவாங்க."

ஆய்வை நடத்துபவர் ஹெலன் என்ற பேராசிரியர். தேர்தலைப் பற்றிப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்றுதான் படிப்பார்கள். இந்த அம்மாள் படிப்பது அதற்கு முந்தைய வேலையை. வாக்காளர் பட்டியலை யார் எழுதுகிறார்கள், ஊரில் இல்லாத ஆளின் பெயர் ஏன் பட்டியலில் கிடக்கிறது, அதனால் ஓட்டுப் போடாதவர் எண்ணிக்கை எவ்வளவு தவறாகத் தெரிகிறது என்பதெல்லாம். சேலம், நாமக்கல் பக்கம் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, பட்டியலைச் சரிபார்க்க அலுவலர் வந்தபோது வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டு, எழுதி, ஆங்கிலத்தில் மாற்றி, ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் போடுவது என் வேலை. மணிக்குப் பதினெட்டு டாலர்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே பேராசிரியர் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மொத்தமே இரண்டு பேர். இருவரும் இப்போது இல்லை. முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

3

ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எண் போட வேண்டும் என்பது முறை. இருவரும் ஒத்துப்போகிற அளவைக் கணக்கிடுவார்கள். என் ஜோடி கார்த்திக் என்ற இளைஞர், சென்னையில் வளர்ந்தவர், நல்ல பிள்ளை. முதல் பத்துப் பதிவுகளில் நாங்கள் பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை.

"இந்தத் தடவை ஓட்டுப் போடுவீர்களா" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒருவர், "பாக்கலாமுங்க" என்பார். கார்த்திக் அதற்கு "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று எண் போட்டார். நான் "மாட்டேன்" என்று போட்டேன்.

"சார், அவர் பார்க்கலாம்னுதானே சொல்றார்?"

"நீ எங்க ஊர்ல பத்து ரூபா கடன் கேட்டுப் பாரு தம்பி. பாக்கலாமுங்கம்பாங்க. அப்பறம் நீ பாக்கவே முடியாது."

பேராசிரியர் ஆதாரம் கேட்டார். கடன் கேட்ட அனுபவத்தை ஆதாரமாக ஏற்க அவருடைய முறையில் இடமில்லை. அதே வீட்டில் பிறகு வரும் பதில்களோடு ஒப்பிட்டுக் காட்டிய பின்தான் ஒப்புக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. பல வருடத்துக்குப் பிறகு யாரோ என்னிடம் நிரூபி என்று கேட்டார்கள்.

அடுத்த சிக்கல் பெரியது. பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால், ஏன் என்பதற்குப் பேராசிரியரின் குறிப்பேட்டில் மூன்று எண்கள் இருந்தன. ஆள் இடம் மாறிவிட்டார், இறந்துவிட்டார், வீட்டாருக்குத் தெரியாது. இந்த மூன்றும் எனக்குப் பழக்கமானவை. தேர்தலன்று வாக்குச்சாவடியில் எங்களிடமும் வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஒரு தனிப் பட்டியலைக் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் யாராவது வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் பதிவுகளில் வீட்டார் இந்த மூன்றில் எதையும் சொல்லவில்லை. மகன் ஆறு வருடமாக ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போர் போட்டுக்கொண்டிருப்பான். அம்மா, "வந்துருவானுங்க" என்பாள். மகள் துபாயில் வீடு வாங்கியிருப்பாள். அப்பா, "பேரு இருக்கட்டுமுங்க, அது என்ன சோறா கேக்குது" என்பார். ராசிபுரத்துப் பக்கம் தறிக்காரர் ஒருவர் நேராகவே சொன்னார்: "இருக்கறவன் பேரை எப்பிடிங்க எடுக்கறது? எடுக்கறதுன்னா அது ஒண்ணுக்குத்தானுங்க."

அதைக் கேட்டதும் எனக்கு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு அது ஐந்தாவது தேர்தல். ஒரு பெண் வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கட்சி முகவர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "உம்பட ஊட்டுக்காரரு பேருல டெட்டுன்னு போட்டிருக்குதே" என்று சும்மா சொல்லிவிட்டார். அவள் கணவன் உயிரோடு ஒடிசாவில் ரிக் ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டியலைச் சரிபார்க்க வந்த அலுவலரிடம் யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க ஆபீசர், எம்பட ஊட்டுக்காரரு பேரை எடுத்துப் போட்டீங்க. தாலியையும் கழட்டி உங்க டேபிள்மேல வெச்சுட்டுப் போகட்டுங்களா?"

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் எனக்கில்லை. விண்ணப்பம் கொடுங்கள், அடுத்த பட்டியலில் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். "அதுவரைக்கும் அவரு என்னவாம்?" என்றாள். எதிரெதிர்க் கட்சி முகவர்கள் இருவரும் ஒன்றுவிட்ட மாமன் மச்சான்கள். இரண்டு பேருமாகக் கெஞ்சி அவளை எழுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடம் வாக்குப்பதிவு நின்றதற்கான காரணத்தை நான் வாக்குச்சாவடி நாட்குறிப்பில் எழுத வேண்டியிருந்தது. "ஒரு வாக்காளரின் ஆட்சேபம்" என்று எழுதினேன்.

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் உயிரோடிருப்பவர் பெயரை வீட்டார் எடுக்கச் சொல்லமாட்டார்கள். அது சோம்பலோ கள்ள ஓட்டுத் திட்டமோ இல்லை. பெயரை எடுப்பது இறந்தவருக்குச் செய்கிற காரியம். இதற்கு ஒரு தனி எண் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். எண் ஒன்பது என்று வைத்தோம். பழைய பதிவுகளையும் மறுபடி கேட்டு எண் போட்டோம். வெளியூர், வெளிநாடு போனவர் உள்ள வீடுகள் முப்பத்தேழு. முப்பத்தேழிலும் ஒன்பது. ஒன்றுகூட விலகவில்லை. ஒன்றுகூட விலகாத கணக்கைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று முப்பத்திரண்டு வருடம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

4

என் பெயரும் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தது.

பரமத்தி வேலூரில் தம்பி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறான். பழனி என்று இங்கே எழுதுகிறேன். அது அவன் பெயர் அல்ல. வீடு இருக்கும் இடத்தையும் சற்று நகர்த்தியிருக்கிறேன். அப்படிச் செய்தால் எழுதலாம் என்று பேராசிரியர் சொன்ன பிறகே எழுதுகிறேன். அவன், அவன் மனைவி, இரண்டு மகன்கள், நான், என் மனைவி என்று அந்த முகவரியில் ஆறு பெயர்கள் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி சரசு கனடாவின் குடியுரிமை வாங்கிக்கொண்டாள். தன் பெயரை எடுத்துவிடும்படி தம்பியிடம் சொன்னாள். "அண்ணி பேரை நான் போயி எப்பிடிங் எடுக்கச் சொல்றது, வாயில வராதுங்" என்று அவன் கடைசிவரை செய்யவில்லை. அவளே இங்கிருந்து எழுதிப் போட்டு எடுத்துக்கொண்டாள். தானே எடுத்துக்கொள்வது வேறு, வீட்டார் எடுப்பது வேறு.

நான் குடியுரிமை வாங்கவில்லை. மகள் செல்வி மூன்று தடவை இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்து பாதி நிரப்பி வைத்தாள். மூன்று தடவையும் அது கெடு முடிந்து அழிந்தது. வாங்கினால் இந்தியாவில் ஓட்டு போய்விடும் என்பது ஒன்றே என் காரணம். வெளிநாட்டில் வசிப்பவன் அதற்கென்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பழைய இடத்தில் பெயர் இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்பது தேர்தல் நடத்தியவனுக்குத் தெரியாதா. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பத்தொன்பது வருடத்தில் ஐந்து முறை ஊருக்குப் போனேன். ஐந்து முறையும் தேர்தல் இல்லை.

"போடாத ஓட்டுக்கு இத்தன காவலு," என்பாள் சரசு. "பூட்டுன ஊட்டுக்கு நாய் கட்டுன மாதிரி."

அனுவுக்குப் போன தேர்தலில்தான் முதல் ஓட்டு. அவள் போகவில்லை. வரிசை நீளமாக இருந்ததாம். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள், "தாத்தா, நீங்க லாஸ்ட்டா எப்ப போட்டீங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் பதில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

5

ஆக, ஹெட்ஃபோனில் என் தம்பி மோர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விதி தெளிவானது. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தேன். பேசுபவர் யார் என்று தெரிந்தால் அந்த நொடியில் நிறுத்த வேண்டும்; பேராசிரியரிடம் சொல்ல வேண்டும்; கேட்டதை வைத்து அந்த ஆளிடம் எதுவும் பேசக் கூடாது. தன் அண்ணன் கேட்பார் என்று நினைத்து அவன் பேசவில்லை. ஊர் பேர் வெளியே வராது என்று நம்பித்தான் பேசினான்.

நான் நிறுத்தவில்லை. கை சுட்டி மேலேதான் இருந்தது. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் பட்டியலில் எத்தனை பெயர் என்று கேட்டாள்.

"அஞ்சு இருந்துச்சுங்க. இப்ப நாலு ஆக்கிட்டமுங்க."

"யாரு பேருங்க எடுத்தீங்க?"

"எங்க அண்ணம் பேரு. வெளிநாட்டுல இருக்கறாரு. லிஸ்ட் சரிபாக்கற டீச்சரம்மா வந்துச்சு. எடுத்துரும்மான்னு நாந்தான் சொன்னேன்."

"அவரு எடுக்கச் சொன்னாருங்களா?"

"இல்லீங்க. அவருக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் ஓடியது. "ஒவ்வொரு எலெக்சனுக்கும் கட்சிக்காரன் வந்து அண்ணன் வாராரான்னு கேப்பான். வருவாருன்னு சொல்லுவேன். ஊருல கேக்கறவிங்களுக்கெல்லாம் வருவாரு, வருவாருன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே நம்பிக்கை வந்துருச்சுங்க. மேக்கால ரூமைப் பெயிண்ட் அடிச்சு வெச்சேன். அது ஆவாதுங்க. ஒருத்தன் எத்தன வருசந்தான் அப்பிடி இருக்கறது."

அந்தப் பெண், "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். போன தேர்தலில் வாக்குச்சாவடிக்கு எதில் போனீர்கள் என்பது அடுத்த கேள்வி. நான் அங்கே நிறுத்தினேன். மொத்தம் நான்கு நிமிடம் பத்து நொடி விதியை மீறியிருந்தேன்.

மேற்குப் பக்க அறைக்கு வண்ணம் அடித்தது எனக்குத் தெரியாது. ஐந்தாவது முறை நான் போய்த் திரும்பி நான்கு வருடம் ஆகிறது.

6

பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர் அறைக்குப் போனேன். சொன்னேன். நான்கு நிமிடம் கேட்டதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார். இந்த நாட்டில் கெட்ட செய்தி வந்தால் தண்ணீர் கொடுக்கிறார்கள். அது நல்ல பழக்கம்.

"கவலைப்படாதீர்கள். இந்தப் பதிவை நீக்கிவிடலாம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், ஆகவே இது கறைபட்டது. நூறில் ஒன்று போனால் ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது."

எனக்கு அதுதான் வசதி. அந்த ஒன்று போனால் என் ஒன்பதாம் எண் முப்பத்தேழுக்கு முப்பத்தேழு என்று அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்தில் இருப்பவர் பெயரை யாரும் எடுப்பதில்லை என்று அச்சிலும் வரும். எழுந்து கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"நீக்கக் கூடாது," என்றேன்.

"ஏன்?"

"வீட்டார் பெயரை எடுத்த ஒரே வீடு அதுதான். எடுத்தது என் பெயர்."

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு, அப்படியானால் இதை நெறிமுறைக் குழுவுக்கு எழுத வேண்டும் என்றார். பதிவை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதைக் கார்த்திக் ஒருவரே கேட்டு எண் போட வேண்டும். நானோ அந்த வட்டாரத்துப் பதிவு எதையும் இனித் தொடக் கூடாது. எனக்குத் தெரிந்த குரல் இன்னொன்று வராது என்று யார் சொல்ல முடியும். அந்த வட்டாரத்தில் எனக்கு மிச்சமிருந்தவை பத்தொன்பது.

"நீக்கிவிட்டால் நீங்கள் வேலையைத் தொடரலாம். யோசித்துச் சொல்லுங்கள்," என்றார்.

யோசித்தேன். ஊரில் பட்டியலிலிருந்து என்னை எடுத்தாயிற்று. எடுத்தவன் சொன்ன காரணத்தையும் இங்கே ஒரு பட்டியலிலிருந்து எடுப்பதா. வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். படிவம் நான்கு பக்கம். நான்கிலும் அப்பா பெயர்தான் முதலில்.

குழுவின் பதில் எட்டு நாளில் வந்தது. அறுபத்திரண்டாம் பதிவுக்குக் கார்த்திக் "இடம் மாறியவர், வீட்டார் கேட்டு நீக்கப்பட்டது" என்று எண் போட்டார். சரியான எண்தான். இதுவரையான கணக்கில் அது முப்பத்தெட்டில் ஒன்று.

7

பழனி ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுவான். அந்த வார ஞாயிறும் கூப்பிட்டான். அவனிடம் கேட்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்காமல் இருக்க என்ன வழி என்றும் தெரியவில்லை. வெற்றிலை விலை கேட்டேன். காவிரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். சின்னவன் கரூரில் சேர்ந்த வேலை எப்படி என்று கேட்டேன்.

"என்னுங்ணா, ஒடம்பு சொகமில்லீங்களா? கேட்டதையே கேக்கறீங்க."

"குளிரு."

"அப்பிடீங்களா," என்றான். அவனும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு நிமிடத்தில் வைத்துவிட்டோம். வழக்கமாக இருபதுக்குக் குறையாது.

சரசுவிடம் மட்டும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். தம்பியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மனுசன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டுத்தான் கூப்புட்டிருக்கறான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்," என்றாள். "நீங்க அவன்கிட்ட விலவாசி கேட்டுட்டு இருந்தீங்க."

"பேரை எடுத்திருக்கறான் சரசு."

"எடுப்பான். நீங்க எத்தன தடவ வாரேன், வாரேன்னீங்க? பாக்கலாமுங்கன்னாவது சொல்லியிருக்கலாம், புரிஞ்சிருக்கும்."

வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் என்னிடம் இருக்கிறது என்றேன். தேர்தலன்று நேரில் போனால் போடலாம்.

"போங்க. டிக்கெட் போடுங்க. ஆனா போடாம எழுதி மட்டும் குடுத்துட்டு, மறுக்காவும் உங்க தம்பியை வாசல்ல நிறுத்தி வருவாருன்னு சொல்ல வெக்காதீங்க. அது பாவம்."

செல்வியிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் போன வருடமே பதினெட்டு மணி நேரப் பறப்பு வேண்டாம் என்று சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். எனக்கு மறக்கவில்லை. அவள் நினைவுபடுத்தட்டும் என்றுதான் கேட்டேன்.

8

மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பழனி கூப்பிட்டான். ஞாயிறு அல்லாத நாளில் அவன் கூப்பிட்டது அம்மா இறந்தபோது ஒரு தடவைதான்.

"யாருக்கு என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்ணா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். ஒண்ணு சொல்லோணுமுங்க. ரெண்டு மூணு மாசமாச் சொல்லோணும் சொல்லோணும்னு..."

"சொல்லு."

"லிஸ்ட்ல உங்க பேரை எடுத்துட்டனுங்ணா."

நான் அப்போதுதான் கேட்பவனைப் போல இருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதிகமாக இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

"அண்ணா? லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன். சரி சாமி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"வெளிநாட்டுல இருக்கறவிங்க பேரு இங்க இருந்தா கேசு கீசு ஆயிருமுன்னு சொன்னாங்க. உங்களுக்கு வம்பு எதுக்குன்னுதான். வேற ஒண்ணுமில்லீங்ணா."

அவன் அதை நன்றாகப் பழகி வைத்திருந்தான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"நீ செஞ்சது சரிதான். சட்டம் அதுதான்," என்றேன். அது உண்மைதான்.

"ஆனா இன்னும் டைம் இருக்குதாமுங்ணா. வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனியா எழுதிக் குடுக்கறதாமா. டீச்சரம்மாகிட்டக் கேட்டேன். நீங்க சொன்னீங்கன்னா பெரியவன் கம்ப்யூட்டர்ல போட்டுருவான்." பிறகு, மெதுவாகக் கேட்டான். "எலெக்சனுக்கு வாரீங்களா?"

பத்தொன்பது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். அது வாயில் தயாராக வந்து நின்றது. சமையலறையில் சரசு குழாயை நிறுத்திவிட்டு நின்றாள். ஒரு வேலையும் செய்யாமல் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"இல்லெ சாமி. வரமுடியாது. இனி வாரதுன்னா உங்களையெல்லாம் பாக்கறதுக்கு வந்தாத்தான். இருக்கறதுக்கு வரமாட்டேன். எழுத வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு பேருந்து நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போனது.

"சரிங்ணா," என்றான். "மேக்கால ரூமு சும்மாத்தான் கெடக்குது. சின்னவனுக்கு வைகாசியில கலியாணம் வெக்கலாமுன்னு இருக்கறோம். அவிங்களுக்குக் குடுத்துரட்டுங்களா?"

"குடு. காத்து வர்ற ரூமு. பெயிண்ட் அடிக்கோணுமா?"

"அடிச்சாச்சுங்ணா," என்றான்.

அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். பெண்ணுக்குப் புதுச்சத்திரம். அவள் அப்பா இரண்டு லாரி வைத்திருக்கிறார். பெண் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன தேர்தலில் அவளுக்கும் வாக்குச்சாவடி வேலை போட்டார்களாம். முதல் தடவை என்பதால் பயந்தாளாம். என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். அடுத்த தடவை கேட்கச் சொல்கிறேன் என்றான்.

9

அந்தச் சனிக்கிழமை செல்வி நான்காவது முறையாகக் குடியுரிமை விண்ணப்பத்தைத் திறந்தாள். அனு பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைத் தட்டச்சு செய்தாள். கடந்த ஐந்து ஆண்டில் எந்தெந்த நாள் இந்த நாட்டில் இல்லை என்று கேட்டிருந்தது. அப்படி ஒரு கேள்விக்கு நான் பத்தொன்பது வருடமாகத் தயாராக இருந்தேன். பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே சொன்னேன். என் வயதுக்காரர்களுக்குத் தேர்வு கிடையாது. உறுதிமொழி மட்டும் உண்டு.

"தாத்தா, அடுத்த எலெக்ஷன் நாம ரெண்டு பேரும் சேந்து போலாம்," என்றாள் அனு. "லைன் பெருசா இருந்தா நீங்க ஆளுங்களை எண்ணுங்க."

போகலாம் என்றேன். கட்டணம் செலுத்தும் பக்கம் வந்ததும் செல்வி தன் அட்டையை எடுத்தாள். வேண்டாம் என்று என் அட்டையைக் கொடுத்தேன். எண்களை அனு படிக்கப் படிக்க எனக்குக் கண் மங்கியது. இரவு தூக்கம் போதவில்லை. அழுத்தட்டுமா என்று கேட்டாள். அழுத்து என்றேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிவிட்டு, நன்றி என்று வந்தது.

தொட முடியாமல் போன பத்தொன்பது பதிவுகளுக்கு, பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் இழந்த கூலி 513 டாலர். குடியுரிமை விண்ணப்பக் கட்டணமும் புகைப்படமும் 674 டாலர் 50 சென்ட். மொத்தம் 1,187 டாலர் 50 சென்ட்.